பட்டணமும் சூழலும்

ஒரே பானையில் உண்போர் ஒரு வீட்டுத்துறை.
இரண்டு நாள் பயிற்சியில்
இதை மட்டும் மூன்று தரம் சொன்னார்கள்.
சுவரைப் பார்க்காதே, கூரையைப் பார்க்காதே,
அடுப்பை எண்ணு.

முதற் சுற்றில் பூட்டிக் கிடந்த கதவுகள் என் பங்கு.
ஊர் முழுக்கச் சிதறிய நூற்றுப்பதினெட்டு.
கழுத்தில் அட்டை, தலையில் கச்சேரித் தொப்பி,
வெயில் ஏறினால் உறைந்துபோகும் ஒரு டெப்.

திருக்கடலூரில் விடிய ஆறு மணி.
நேற்றிரவு இங்கே நித்திரை கொண்டவர்கள் எத்தனை பேர்?
"ஆரும் கொள்ளயில்ல பிள்ள.
காத்து மாறிப் போச்சு, ரெண்டு போட்டு வரயில்ல."
விழித்திருந்தவர்களுக்குக் கட்டம் கிடையாது.
ஐந்து என்று அழுத்தினேன்.
வாசலில் ஈரச் சாரத்தோடு இரண்டு பேர் வந்து நிற்க
அழித்து, ஏழு.

ஜமாலியாவில் றிஸ்மினா.
கணவர் கட்டாரில், ஏழு மாதம்.
ஆறு தாண்டினால் எழுதக்கூடாது என்றேன்.
"எழுதாட்டி,
இவன் எங்க இருந்து வந்த எண்டு உங்கட டெப் கேக்காதா?"
மடியில் கிடந்தவனுக்கு இருபது நாள்.
வயது: பூச்சியம்.
கையை முறுக்கி என் அட்டையைப் பிடித்தான்.

பாலையூற்றில் ஒகஸ்டின் பார்த்தலோட்
கேள்விக்கு முந்தியே சொன்னார்:
"பறங்கி. பட்டியல்ல இன்னும் இருக்கிறமோ, பாருங்கோ."
இருந்தது.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
திரையில் தானே ஒருமுறை வாசித்த பிறகுதான்
மற்றக் கேள்விகளுக்கு விட்டார்.

அபயபுரவில் நிலந்தி, தாய்மொழி சிங்களம் என்றாள்.
கேற்றடியில் மீன்காரன் ஹோர்ன் அடித்தான்.
சூரை கிலோவுக்கு நூறு ரூபாய் குறைத்தாள்,
முழுக்கத் தமிழில்.
பேரம் பேசும் மொழி எதுவென்று படிவம் கேட்கவில்லை.

டைக் வீதியில் மான்கள்
குப்பை வாளியைக் கவிழ்த்து முகம் புதைத்திருந்தன.
ஒரே வாளி.
வரைவிலக்கணப்படி ஒரு வீட்டுத்துறை.
ஒன்பது பேர், தலைவர் தெரியவில்லை.

மனையாவெளியில் ஒரு தாய்
மகனுக்கு நாற்பத்தொரு வயது என்றாள்.
எங்கே இருக்கிறார்?
வெளிநாடு, வெளிமாவட்டம், தற்காலிகமாக இல்லை.
மூன்றையும் வாசித்தேன்.
மூன்றுக்கும் தலையாட்டினாள், ஆமென்றும் இல்லையென்றும்
பிரித்தறிய முடியாதபடி.
'அடுத்து' என்ற பொத்தான் பச்சை.
அதை அழுத்தத்தான் சம்பளம்.

பிறகு உவர்மலை. அண்ணன் தம்பி வழக்கு.
ஒரு கூரை, நடுவில் பூசாத சுவர், இரண்டு காஸ் சிலிண்டர்.
ஆகவே இரண்டு வீட்டுத்துறை.
தகப்பன் கோணாமலை,
துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர்,
மத்தியானம் மூத்தவனிடம், இரவு இளையவனிடம்.
தூங்குவது?
நடைபாதையில் ஒரு கட்டிலைக் காட்டினார்.
சுவர் அதன் தலைமாட்டில் முடிந்திருந்தது.
"ரெண்டு பக்கமும் அரை அரையா எழுது, மகள்.
ஓடின ஆள் சொல்றன், பாரத்த நடுவில பிடிச்சாத்தான் சரியும் இல்ல."
டெப் அரையை ஏற்கவில்லை.
மருமகள்கள் இருவரும்
இரண்டு யன்னலால் என் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.
வெயிலுக்குத் திரை உறைந்தது, நல்ல காலம்.

கடைசியில் நூற்றிருபத்தொரு வீட்டுத்துறை, நானூற்றிரண்டு பேர்.
சராசரி மூன்று தசம் மூன்று.
அந்தத் தசம் மூன்றின் கட்டில்
எந்தத் திசையில் கிடக்கிறதென்று
கொழும்புக்குத் தெரியாது.

இரவு ஒன்பது. கடைச் சாப்பாட்டுப் பார்சலோடு
என் வாடகை அறைக்கு வந்தால்
கதவு நிலையில் புதுசாய் ஒரு ஸ்டிக்கர்.
யாரோ என்னையும் எண்ணிப் போயிருக்கிறார்கள்.
அடுப்புப் பற்றவைத்துப் பத்து நாள்.
எந்தப் பானையில் சேர்த்தார்களோ.

வீட்டுக்கார அம்மா மேலிருந்து எட்டிப் பார்த்தார்:
"நீர் இல்லாதபடியா நான்தான் மறுமொழி சொன்னன்.
ஒண்டு எண்டு குடுத்தன்.
சரிதானே?"